பன்னிரண்டாவது பெயர்

என் தங்கை விஜிக்குக் கணுக்கால் எலும்பு முறிந்ததால்தான் நான் நார்வே போக நேர்ந்தது. ஈரப் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். சமைத்துப் போட ஒரு ஆள் வேண்டும் என்று போனில் அழுதாள். நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, சென்னைக்கு இரண்டு முறை அலைந்து, கைரேகை கொடுத்து, விசா கைக்கு வந்தபோது அவளுடைய மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை ஓஸ்லோவில் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கியவளே அவள்தான்.

விஜி இருப்பது எல்லிங்ஸ்ருட்டில், மலைச்சரிவில் கட்டிய அடுக்குமாடி வீட்டில். பால்கனியில் நின்றால் கீழே பள்ளிக்கூடம், மேலே காடு. காலை எட்டு மணிக்கு அவள் கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். துணி துவைக்க ஒரு இயந்திரம், பாத்திரம் கழுவ ஒன்று, தரை துடைக்க வட்டமாக ஒன்று. அது என் காலில் வந்து முட்டிவிட்டுத் திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அந்த வீட்டில் நான் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் விஜி யாருக்கோ போன் போட்டு, "எங்க அக்கா வந்திருக்காங்க. ஊர்ல பிரசிடென்ட்டா இருந்தவங்க" என்றாள். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் எங்கள் கிராம ஊராட்சிக்கு நான் ஐந்து வருடம் தலைவராக இருந்தது உண்மைதான். அதை விஜி எங்கே போனாலும் பெருமையாகச் சொல்வாள். நானும் மறுத்ததில்லை.

மறுமுனையில் இருந்தவர் பெயர் ஜெசிந்தா. மன்னார்க்காரர். முன்பு விஜிக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தவர். இப்போது ஓஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு கிராமப்புறத்தில் வீடு வாங்கிப் போய்விட்டார். விஜிக்குக் கால் முறிந்திருந்தபோது வாரம் தவறாமல் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போனவர் அவர்தான். நான் செய்ய வந்த வேலையை முன்னாலேயே செய்து முடித்தவர். வரும் திங்கட்கிழமை நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தல், ஜெசிந்தா அவர் ஊர் சபைக்கு நிற்கிறார் என்று விஜி சொன்னாள்.

போனை என்னிடம் கொடுத்தாள். "அக்கா, நாளைக்கு ஒன்பது மணிக்குக் காரோட வாறன். நீங்கள் வெளிக்கிட்டு நில்லுங்கோ" என்றது அந்தக் குரல்.

போனைப் பொத்திக்கொண்டு, அவர் சொன்னதை விஜியிடம் அப்படியே சொன்னேன். எங்கள் பக்கம் வெளிக்குப் போவது என்றால் சொம்பு எடுத்துக்கொண்டு போவது. அதை எதற்கு ஒன்பது மணிக்கு முடித்துவிட்டு நிற்கச் சொல்கிறார்? விஜி சிரித்து ஓய்ந்த பிறகு, "புறப்பட்டு ரெடியா இருங்கன்னு சொல்றாங்கக்கா" என்றாள்.

சனிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு ஜெசிந்தா வந்தார். குள்ளமான உருவம், கழுத்தோடு வெட்டிய முடி, சிவப்பு மழைக்கோட்டு. என்னைவிட ஐந்து வயது இளையவர். காரை ஓட்டிக்கொண்டே கதை சொன்னார். ஊரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று பின்னால் கேட்டுக்கொண்டார். சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால் நானும் எழுதவில்லை.

"எங்கட லிஸ்ற்றில பதினஞ்சு பேர். அதில நான் பன்னிரண்டாவது" என்றார். கட்சி சார்பில்லாமல் ஊர்க்காரர்களே சேர்ந்து போட்ட பட்டியல் அது. "போன முறை எங்களில ரெண்டு பேர்தான் வந்தவை."

"ரெண்டு பேர்தான் வந்தாங்கன்னா பன்னிரண்டாவது ஆள் எப்படிங்க ஜெயிக்கிறது?"

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் ஒரு பட்டியலுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அதோடு பிடித்த பெயருக்கு நேராக ஒரு குறியும் போடலாம். புள்ளடி என்று ஜெசிந்தா சொன்னார். வேறு பட்டியலுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்கூட இந்தப் பட்டியலில் ஒருவரைப் பிடித்திருந்தால் அவர் பெயரைத் தங்கள் சீட்டில் எழுதலாம். அதிகம் புள்ளடி வாங்கியவர் மேலே ஏறுவார். பன்னிரண்டாவது ஆளும் ஏறலாம். ஏறாமலும் போகலாம்.

ஜெசிந்தா அந்த ஊர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினான்கு வருடம் சமைத்தவர். போன வருடம் சபையில் ஒரு யோசனை வந்தது. சமையலறையை மூடிவிட்டு, வேறொரு ஊர் ஆலையிலிருந்து அடைத்து வரும் சாப்பாட்டைச் சூடுபண்ணிக் கொடுத்தால் போதும் என்று. முடிவு புதிய சபைக்குத் தள்ளிப்போனது.

"அங்கை இருக்கிற ஆக்களில பாதிப் பேருக்கு இண்டைக்கு என்ன கிழமை எண்டு தெரியாது அக்கா. ஆனா பதினொரு மணிக்கு வெங்காயம் வதங்கிற மணம் வந்தா தாங்களா எழும்பி மேசைக்கு வருவினம். பிளாஸ்ரிக் தட்டில அடைச்சு வாற சாப்பாட்டில என்ன மணம் வரும்?"

"அப்போ நீங்க சபைக்குப் போய் இதைச் சொல்லலாம்."

"சொல்ல ஏலாது. அங்கை வேலை செய்யிற ஆள் அந்த விசயத்தில வாக்குப் போட ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். கதவுக்கு வெளியில போய் இருக்க வேணும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அதுதான் வேலையை விட்டனான்."

மார்ச் மாதம் விட்டிருக்கிறார். இப்போது உருளைக்கிழங்கு பொதி செய்யும் ஆலையில், குளிரில், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஜெயித்தால் சமையலறைக்காகக் கை தூக்கலாம். அதற்காகச் சமையலறையையே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"தோத்துட்டா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"தோத்தா உருளைக்கிழங்குதான்" என்றார்.

ஊர் என்றால் ஒரு பெரிய கடை, ஒரு தேவாலயம், பள்ளிக்கூடம், பிறகு அறுவடை முடிந்த வயல்கள். கடைவாசலில் எல்லாக் கட்சியும் வரிசையாகக் குடை விரித்து மேசை போட்டிருந்தார்கள். எதிர்க்கட்சி மேசையில் காப்பிக்குப் பால் தீர்ந்துபோனால் இவர்கள் பால் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் நான் ஜெயித்த பிறகு, தோற்ற வீட்டார் மூன்று வருடம் எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. அதை நினைத்துக்கொண்டு அந்தப் பால் பெட்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தாவின் கணவர் றொபேட் ஓஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவர். அன்று மாவு ஊற்றி வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் அவரிடம் சமையலறை விஷயத்தைப் பற்றி ஏதோ கேட்டார். றொபேட் கையிலிருந்த கரண்டியால் ஜெசிந்தா இருந்த பக்கம் காட்டிவிட்டு அடுத்த வாஃபிளைத் திருப்பிப் போட்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார், மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டிச் சீவலோடு. பால்கோவா அடிபிடித்தால் ஒரு ருசி வருமே, அது. இரண்டாவது கேட்டு வாங்கினேன்.

பட்டியலில் முதல் பெயர் இங்க்ரிட். எழுபது வயது, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கதவு உயரம். ஜெசிந்தா என்னை அறிமுகப்படுத்தியதும் அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளூர்ப் பத்திரிகைப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். அவர்கள் ஊர் மேயருக்குச் சொல்லும் அதே வார்த்தையை எனக்கும் சொன்னார்கள் என்று ஜெசிந்தா காதோடு சொன்னார். புடவைக்கு மேல் விஜியின் குளிர்கோட்டு, கையில் வாஃபிள். அப்படியே படம் எடுத்தாள் அந்தப் பெண்.

"நீங்கள் தலைவராகச் செய்ததில் எதற்குப் பெருமைப்படுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"ரோடு போட்டோம். தண்ணீர்த் தொட்டி கட்டினோம்" என்றேன். ஜெசிந்தா மொழிபெயர்த்தார். பத்திரிகைப் பெண் எழுதிக்கொண்டாள். அந்தப் 'போட்டோம், கட்டினோம்' என்பதில் நான் எங்கே இருந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓஸ்லோவில் ஒரு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடித்துக்கொண்டு ஜெசிந்தா என்னை மறுபடி கூட்டிப்போனார். முதியோர் இல்லத்தில் வெளி ஆட்களும் சாப்பிடலாம். "இண்டைக்குக் கோவாவும் ஆட்டிறைச்சியும்" என்றார். பால்கோவாவோடு ஆட்டுக்கறியா, எப்படிச் சாப்பிடுவது என்று யோசித்தேன். தட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் கோவா என்பது முட்டைக்கோஸை. கோஸும் கறியும் முழு மிளகும் உப்பும், வேறு எதுவும் இல்லை. மணிக்கணக்காக வெந்திருந்தது. கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. மிளகாயில்லாத கறியை நான் ருசித்துச் சாப்பிட்டது அன்றுதான்.

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஒரு சன்னல். ஜெசிந்தா அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தோரா என்று ஒரு பாட்டி, தொண்ணூறு வயதிருக்கும், நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று ஏதோ கேட்டார். "ஏன் இந்தப் பக்கம் இருக்கிறாய் எண்டு கேக்கிறா" என்றார் ஜெசிந்தா. இன்று நான் விருந்தாளி என்று பதில் சொல்லியிருக்கிறார். பாட்டி தலையாட்டிவிட்டுப் போனார். ஐந்து நிமிடம் கழித்து வந்து அதையே கேட்டார். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் ஜெசிந்தா அதே சிரிப்போடு அதே பதிலைச் சொன்னார்.

திங்கட்கிழமை தேர்தல். விஜி காலையில் கீழே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அவளிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். மூன்று வருடம் இந்த நாட்டில் இருந்தாலே உள்ளூர்த் தேர்தலில் ஓட்டு உண்டாம். "நம்மூர்ல ஒரு தடவைகூடப் போட்டதில்லக்கா. நீ நின்னப்பகூடப் போடல" என்றாள். அவள் அப்போது பெங்களூரில் இருந்தாள்.

அன்று ராத்திரி ஜெசிந்தா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. விஜிக்கு வேலை இருந்ததால் நான் தனியாகப் பேருந்து ஏறினேன். தேவாலயம் வந்ததும் இறங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தேவாலயம் வந்தது. இறங்கினேன். பேருந்து போன பிறகு பார்த்தால் அது வேறு தேவாலயம். இந்த ஊர்களில் எல்லாத் தேவாலயமும் வெள்ளை மரக்கட்டிடம், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கூரான கோபுரம். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. விஜி கொடுத்த போனில் சார்ஜ் இருந்தது, சிக்னல் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரமாக நடந்தேன்.

ஒரு டிராக்டர் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும், மண் படிந்த மேல்சட்டை. எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஏறக்குறைய சமம் என்பதால் நன்றாகப் புரிந்தது.

"நீங்கள் இந்தியாவின் மேயர்தானே? சனிக்கிழமை கடைவாசலில் பார்த்தேன். ஏறுங்கள். நான் ஓட்டுப் போடத்தான் போகிறேன்."

டிராக்டரில் இன்னொரு இருக்கை இருந்தது. எங்கள் வீட்டிலும் டிராக்டர் உண்டு, அதில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. யாருக்கு ஓட்டு என்று கேட்பது அங்கே மரியாதையா என்று தெரியாமல் பேசாமல் வந்தேன். அவரே சொன்னார்.

"நான் முப்பது வருடமாக ஒரே கட்சி. மாற மாட்டேன். ஆனால் என் அப்பா அந்த இல்லத்தில் இருக்கிறார். அந்தச் சமையல்காரப் பெண்ணின் பெயரையும் எழுதப் போகிறேன். பெயர் கொஞ்சம் நீளம். அதுதான் கஷ்டம்."

ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்துக் காட்டினார். உள்ளங்கையில் பேனாவால் ஜெசிந்தாவின் முழுப்பெயரையும் எழுதி வைத்திருந்தார், பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி.

பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம்தான் ஓட்டுச்சாவடி. வாசலில் போலீஸ் இல்லை. விரலுக்கு மை இல்லை. ஒரு அம்மாள் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். எங்களுக்கு நான்கு நிறத்தில் நான்கு சீட்டு, ஆளுக்கொரு சின்னம். என்னுடையது பூட்டு சாவி. சுவரொட்டியில் என் முகத்தைவிட என் வீட்டுக்காரர் முகம் பெரிதாக இருந்தது. இங்கே சின்னமும் இல்லை, முகமும் இல்லை, பெயர்கள் மட்டும்.

ஜெசிந்தா என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். டிராக்டரில் வந்த கதையைச் சொன்னேன். உள்ளங்கையில் பெயர் எழுதியிருந்ததைச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சை மாற்றுவதற்காக, "உங்களுக்கு நீங்களே புள்ளடி போட்டுக்கிட்டீங்களா?" என்றேன்.

"போட்டனான். போடாட்டி இவர் ஏசுவார்" என்று றொபேட்டைக் காட்டினார்.

வாக்குச்சாவடி மூடி எண்ணி முடிக்க நேரமாகும். இங்க்ரிட் வீட்டில் எல்லாரும் கூடித் தொலைக்காட்சி பார்ப்பதாகச் சொன்னார்கள். ஜெசிந்தா போகவில்லை. காலை ஆறரைக்கு ஆலையில் நிற்க வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். தேர்தல் முடிவு அன்று தூங்கப்போன வேட்பாளரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் நான் அடுப்படிக்குப் போனபோது அவர் சீருடையில் நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூண்டு" என்றார். அவர்கள் பட்டியலுக்கு மூன்று இடம். போன முறையைவிட ஒன்று கூட. ஆனால் அந்த மூன்று பேர் யார் என்பது, புள்ளடியெல்லாம் எண்ணிய பிறகு, நாளைக்குத்தான் தெரியும். "எங்கட மூண்டாவது பெயர் ஒரு தச்சர். நல்ல மனுசன். அவர்தான் வருவார்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

பத்து மணிக்குத் தபால்பெட்டியில் பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கத்தில் நான். றொபேட் படித்துச் சொன்னார்: இந்தியாவிலிருந்து வந்த தலைவர் நம் தேர்தலைப் பார்வையிட்டார். என் பெயரும் சரியாக இருந்தது. அவர் அந்தப் பக்கத்தை வெட்டி என்னிடம் கொடுத்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்தேன்.

மூன்று மணிக்கு ஜெசிந்தா வந்தார், கை விரல்கள் வெளுத்திருந்தன. பிட்டுக்கு மாவு குழைக்க உட்கார்ந்தார். நான் தேங்காய் துருவி ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டேன். அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அக்கா, ஒருவேளை நான் வந்தா, முதல் கூட்டத்தில என்னெண்டு தொடங்கிறது? எனக்குக் கதைக்க வரும், ஆனா சபையில எழும்பிக் கதைச்சுப் பழக்கமில்லை. நீங்கள் அஞ்சு வருசம் செய்தனீங்கள்தானே. சொல்லித் தாங்கோ."

நான் தேங்காய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். விஜி எவ்வளவோ இடத்தில் சொல்லி நான் சமாளித்துத்தான் இருக்கிறேன். ஆனால் இந்தப் பெண் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்து என் முன்னால் மாவு குழைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பேசினதில்லைங்க" என்றேன்.

"என்ன?"

"அது பெண்களுக்கு ஒதுக்கின இடம். என் வீட்டுக்காரர் நிக்க முடியாது, அதனால என்னை நிக்க வெச்சார். நாற்காலியில நான் உட்காருவேன். பேசறது, முடிவு பண்றது, ஆபீசருங்களைப் பாக்கறது எல்லாம் அவர். நான் கையெழுத்துப் போடுவேன். கெட்டவர் இல்ல. எனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான் நினைச்சார். ஊரும் அவரைத்தான் தலைவர்னு கூப்பிட்டுச்சு. என்னைத் தலைவர் வீட்டம்மான்னு."

ஜெசிந்தா குழைப்பதை நிறுத்திவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அஞ்சு வருசமும் ஒரு நாள்கூடக் கதைக்கேல்லையோ?"

"ஒரு நாள் பேசினேன்" என்றேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படியாக ஒன்று என்று நினைத்ததுமில்லை. என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று கூட்டம். சாக்கடை கட்ட வந்த இன்ஜினியர், பெரிய தெருவிலிருந்து தொடங்கிப் பணம் மிஞ்சினால் காலனித் தெருவுக்குப் போகலாம் என்றார். மழை பெய்தால் காலனித் தெருவில்தான் வீட்டுக்குள் தண்ணீர் வரும். நான் எழுந்து, அங்கிருந்தே தொடங்குங்கள், மிஞ்சினால் பெரிய தெருவுக்கு வரலாம் என்றேன். எழுதிக்கொண்டு போனார். அப்படியே கட்டினார்கள். "மொத்தம் அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்று முடித்தேன்.

"எழும்பேக்க பயமா இருந்ததோ?"

"ஆமாங்க. மேசையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"பிடிச்சுக்கொண்டு?"

"தண்ணி எங்க நிக்குதோ அதைச் சொன்னேன். வேற எதுவும் சொல்லத் தெரியல."

ஜெசிந்தா மறுபடி மாவைக் குழைக்கத் தொடங்கினார். "அது காணும் அக்கா, அவ்வளவு போதும். நானும் மேசையைப் பிடிச்சுக்கொண்டு, மணம் எங்கையிருந்து வருது எண்டு சொல்லுறன்" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேங்காய் துருவினால் கண்ணில் தண்ணீர் வராது என்பது அவருக்கும் தெரியும். பிட்டும் மீன்குழம்பும் அன்று நிறையச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை அவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். ஊர் அலுவலகத்துக் கூடத்தில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். காப்பி ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். கண்ணாடி போட்ட ஒரு அலுவலர் காகிதத்தோடு வந்து பட்டியல் பட்டியலாகப் படிக்கத் தொடங்கினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஜெசிந்தாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்கோட்டின் பட்டனை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டது அது.

இங்க்ரிட்டின் பெயர் வந்தது. கைதட்டினார்கள். அடுத்து ஒரு விவசாயி பெயர். மூன்றாவது பெயரில் அலுவலர் தடுமாறினார். நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். நீளமான பெயர். அது என்ன பெயர் என்று எனக்கே புரிந்துவிட்டது.

தச்சரைவிட நான்கு புள்ளடி கூட. அவற்றில் பெரும்பகுதி மற்றப் பட்டியல்காரர்கள் கைப்பட எழுதியவை என்று இங்க்ரிட் காகிதத்தை வாங்கிப் பார்த்துச் சொன்னார். ஜெசிந்தா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. றொபேட் பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்தார். தச்சர் எழுந்து வந்து அவருக்குக் கைகொடுத்து ஏதோ சொன்னார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"நான் வராட்டி அவர்தான் மாற்று ஆளாம். இந்தக் குளிர்காலம் எனக்குக் காய்ச்சல் வர வேணும் எண்டு நேர்ந்துகொள்ளப் போறாராம்."

வெளியே வந்தபோது மழை தூறியது. சமையலறை இனித் தப்பிவிடுமா என்று கேட்டேன்.

"டிசம்பரில வரும். பத்தொன்பது பேர். எண்ணிப் பாத்தா ஒரு பக்கம் பத்து, மற்றப் பக்கம் ஒன்பது. எந்தப் பக்கம் பத்து எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பயமில்லை. வேலைக்குக் கிளம்புகிறவர் குரல் அது. வீட்டுக்குப் போகாமல் நேரே முதியோர் இல்லத்துப் பக்கம் காரைத் திருப்பினார். தோராவிடம் சொல்ல வேண்டுமாம். அவருக்கு ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுமே என்றேன். "பரவாயில்லை. நாலு தரம் சொல்லலாம்" என்றார்.

அதன் பிறகு ஒரு வாரம் ஓஸ்லோவில் இருந்தேன். விஜியோடு கப்பல் பார்த்தேன், காட்டில் நடந்தேன். என்னை யாரிடமாவது பிரசிடென்ட் என்று அறிமுகப்படுத்தினால், "பேருக்கு இருந்தேன்" என்று சேர்த்துக்கொண்டேன். விஜி முதல் தடவை விழித்தாள். பிறகு உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

ஊருக்கு வந்த சில நாளில் காந்தி ஜெயந்தி. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டுக் கிராம சபைக் கூட்டம். பதவி போன பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. அன்று போய்ப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் ஆண்களோடு இருந்தார். வரவு செலவு படித்தார்கள். வேறு ஏதாவது உண்டா என்று ஊராட்சிச் செயலர் கேட்டார். வழக்கமாக யாரும் பேசமாட்டார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுப்பார்கள்.

எழுந்தேன். பிடித்துக்கொள்ள மேசை இல்லை. முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"கீழத்தெரு தண்ணித் தொட்டியில எழுதியிருக்கற தேதி மூணு மாசத்துக்கு முந்தினது. அதுக்கப்புறம் கழுவினீங்களா?"

செயலர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். "அண்ணே, நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

பின்னாலிருந்து சத்தம் இல்லை. நானும் திரும்பவில்லை, உட்காரவுமில்லை. பெண்கள் வரிசையில் யாரோ, "அதானே, தண்ணி நாறுது" என்றார்கள். இன்னொரு குரலும் சேர்ந்தது. செயலர் ஏதோ நோட்டைப் புரட்டினார்.

"வர்ற சனிக்கிழமை கழுவிடறோம்மா."

"தீர்மானத்துல எழுதுங்க."

"யார் கேட்டதுன்னு எழுதட்டும்?"

"கோமதின்னு எழுதுங்க" என்றேன்.

கூட்டம் முடிந்து நானும் என் வீட்டுக்காரரும் வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடந்தோம்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேனே" என்றார்.

"தெரியும். அதனாலதான் சொல்லல."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். வீடு தெரியும் இடம் வந்ததும் அவர் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "அடுத்த கூட்டம் எப்பன்னு கேட்டியா?" என்றார்.

"நவம்பர் ஒண்ணு" என்றேன்.